மேலே ஒரு வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முடிச்சூரில் எங்கள் சபைக்கு அவர் ஐயராக வந்த முதல் ஞாயிறே பிடிக்காமல் போய்விட்டது. எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். புதிதாகக் குடிவந்த பக்கத்து ஃபிளாட்காரர்கள் அதைக் கேட்டு முழிப்பதுண்டு.

அந்த முதல் ஞாயிறு, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி சாட்சி சொன்னார். காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் மகனுக்குப் பரீட்சை. எதையும் செய்யத் தனக்குப் பெலன் உண்டு என்று பவுல் எழுதிய வசனத்தை அவன் ஹால் டிக்கெட்டில் ஒட்டி அனுப்பியிருப்பதாகக் கண்கலங்கச் சொன்னார். சபையே ஆமென் என்றது. ஆராதனை முடிந்து வாசலில் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டு நின்ற புது ஐயர், அந்த அம்மா கையைப் பிடித்தபடியே கேட்டார்.

"மேலே ஒரு வரி வாசிச்சீங்களாம்மா?"

"இல்லீங்களே ஐயா."

"வாசிங்க. பவுல் ஜெயில்ல உக்காந்துக்கிட்டு, பட்டினி கிடக்கவும் பழகிட்டேன்னு சொல்றார். அது பரீட்சைக்குச் சொன்னது இல்லம்மா, பசிக்குச் சொன்னது."

அந்த அம்மா முகம் செத்துப்போனது. பையனுக்கு அந்த செமஸ்டரில் இரண்டு அரியர். அதற்கும் ஐயர்தான் காரணம் என்று ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது சபைக் கமிட்டியின் செயலர். மேற்குத் தாம்பரத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, லேமினேஷன் எல்லாம் உண்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மனிதரோடு ஒரு வாரம் பழகியிருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும்.

எதை வாசித்தாலும் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் பக்கத்தில் மேல்நோக்கித்தான் நகரும். மற்றவர்கள் கீழே போவார்கள், இவர் மேலே போவார். மேலே ஒரு வரி, பிறகு இன்னொரு வரி, பிறகு அதிகாரத்தின் தொடக்கம். அதற்கப்புறம்தான் கீழே இறங்குவார். டீக்கடையில் வடை சுற்றிக் கொடுத்த துண்டுப் பேப்பரைக்கூட விடமாட்டார். பாதிச் செய்திதான் அதில் இருக்கும். "மாஸ்டர், இதோட மேல் துண்டு யார் கைக்குப் போச்சு?" என்று நிஜமாகவே கேட்பார். நான் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வேன். மாஸ்டர் மட்டும் சிரித்துக்கொண்டே தேடுவார்.

கல்யாணக் கதையைச் சொல்லியாக வேண்டும். சபையில் ஒரு பெரிய குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை என் கடையில்தான். நாம் ஒருவரை ஒருவர் பிரிந்திருக்கும்போது கர்த்தர் நம் நடுவே நின்று கவனிப்பார் என்று வரும் ஒரு வசனத்தைப் பொன் எழுத்தில் போட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை, கல்யாணமானதும் கொஞ்ச நாள் பிரிந்திருக்க வேண்டும், பொருத்தமான வசனம் என்று எல்லாரும் மெச்சினார்கள். ஐயர் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

"செயலரே, இது யாக்கோபும் அவன் மாமனும் பேசினது. இருபது வருஷம் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திட்டு, இனி உன்னை நம்பமாட்டேன், கடவுளே சாட்சியா நின்னு பார்த்துக்கட்டும்னு கல்லைக் குவிச்சு எல்லை போட்டுக்கிட்டாங்க. அதைப் போய்க் கல்யாணத்துக்கு..."

சரி, என்னிடம் சொன்னதோடு விட்டாரா? விடவில்லை. கல்யாணப் பிரசங்கத்திலேயே சொன்னார். நம்பிக்கையில்லாத இரண்டு பேர் போட்ட ஒப்பந்தத்தை நம்பிக்கையுள்ள இரண்டு பேர் திருத்தி எழுதலாம் என்று அழகாகத்தான் முடித்தார். ஆனால் அந்த முடிவு வரைக்கும் யார் காது கொடுத்தார்கள்? பெண்ணின் அப்பா மண்டபத்திலேயே குதித்தார். கமிட்டி கூடியது. ஐயர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தை டைப் அடித்தவன் நான். சந்தோஷமாகவே அடித்தேன்.

ஒரு தடவை மட்டும் அந்த விரலை நான் ரசித்தேன். எங்கள் ஆலய வாசலில் ஒரு பளிங்குக் கல் இருக்கிறது. வெள்ளைக்கார மிஷனெரி ஒருவர் இந்தச் சபையை ஸ்தாபித்ததாக அதில் செதுக்கியிருக்கிறார்கள். ஆண்டு விழா மலருக்காகப் பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டரை எடுத்து நான் டைப் செய்துகொண்டிருந்தேன். மிஷனெரி பேரோடு இருந்த முதல் பதிவில் ஆரம்பித்தேன். பின்னால் நின்ற ஐயர், "அதுக்கு மேலே ஏதோ கிறுக்கியிருக்கே" என்றார். பூச்சி அரித்த ஓரம். மங்கிப்போன மை. இரண்டு பேரும் லென்ஸ் வைத்து வாசித்தோம். துரை இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே, அவர் வீட்டுச் சமையல்காரி ஒருத்தி ஓலைக் கொட்டகையில் பதினோரு பேரைக் கூட்டி ஜெபம் நடத்திவந்தாள் என்றும், அவள் அழைத்துத்தான் துரை வந்தார் என்றும் எழுதியிருந்தது. அவள் பேர் இருந்த இடத்தில் ஓட்டை.

"பாத்தீங்களா, இந்த அம்மாவை ஒரு வரி மேலே வெச்சுட்டுப் போயிருக்கான் எவனோ ஒரு நல்ல குமாஸ்தா" என்று அந்த ஓட்டையைத் தொட்டார் ஐயர். கல்லை மாற்றக் கமிட்டி ஒப்புக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் ஆண்டு விழா ஜெபத்தில் "பேர் தெரியாத எங்கள் தாய்" என்று மட்டும் சொல்வார். அதற்கு மட்டும் நான் சத்தமாக ஆமென் சொல்வேன்.

இனிதான் என் கதை வருகிறது. ஜனவரி முதல் தேதி காலை ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஒரு பித்தளைத் தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்போம். குடும்பத்துக்கு ஒருவர் வந்து, கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுப்பார். அந்த வருஷம் முழுக்க அந்தக் குடும்பத்துக்குக் கடவுள் சொன்ன வார்த்தை அதுதான். வீட்டில் மாட்டி வைப்பார்கள். கண்டிப்பான வசனம் வந்தால் முகம் தொங்கிப்போகும். நைசாகத் திரும்பப் போட்டு வேறு எடுப்பவர்களும் உண்டு. அட்டை அடிப்பது என் கடை. முடிந்தவரை நல்ல வசனமாகப் பொறுக்கி, நல்ல பாதியாக வெட்டி, லேமினேட் செய்வேன். முழுப் பகுதியையும் பின்பக்கம் போடச் சொல்லி ஐயர் கேட்டார். இடமில்லை என்று மழுப்பிவிட்டேன்.

தட்டைப் பிடிப்பதும் நான்தான். இங்கேதான் ஒரு காரியம் செய்தேன். அட்டைகளை அடுக்குவதும் நானே என்பதால் எது எங்கே என்று தெரியும்; ஆள் வரும்போது அவர்களுக்குத் தகுந்த அட்டையைக் கட்டைவிரலால் கொஞ்சம் வெளியே தள்ளி வைப்பேன். கண்ணை மூடி நீட்டும் கைக்கு அதுதான் முதலில் தட்டுப்படும். பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை வசனம். வேலை தேடுகிறவனுக்குக் கதவு திறக்கும் வசனம். பாவம், சந்தோஷப்பட்டுப் போகட்டுமே என்றுதான். சத்தியமாக அதை ஊழியம் என்றுதான் நினைத்தேன்.

கிரேஸ் அக்கா பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதி மெஸ்ஸில் சமையல் வேலை. அவள் புருஷன் தேவா அண்ணன் காலேஜ் பஸ் டிரைவர். எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அதுவரை அவளுக்கு நான் தள்ளியதில்லை; மூன்று வருஷமாக அவளுக்குச் சோதனை, சிட்சை என்றே அட்டை வந்தது. "இன்னா தம்பி, எப்பப் பாரு நான் மட்டும் திட்டு வாங்கினு வர்றேன்" என்று சிரிப்பாள், ஆனால் கண் கலங்கியிருக்கும். அதனால் அந்த வருஷம் நான் தள்ளியது தண்ணீர் வசனம். ஆறுகளைக் கடக்கும்போதும் நான் கூட இருப்பேன், அவை உன்னை மூழ்கடிக்காது என்ற பொருளில் வருமே, அது. எடுத்து வாசித்ததும் அக்கா அட்டைக்கு முத்தம் கொடுத்தாள். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

அந்த வருஷக் கடைசியில்தான் வெள்ளம் வந்தது. 2015. முடிச்சூரை டிவியில் பார்த்திருப்பீர்கள். விடிகிற நேரத்தில் தெருவில் தண்ணீர் ஏறிற்று. அக்கா வீட்டுக்குக் கீழே ரிட்டையரான ரயில்வேக்காரரும் அவர் மனைவியும். தேவா அண்ணன் இறங்கி அந்தப் பெரியவரைத் தூக்கி வந்து மாடிப்படியில் உட்கார வைத்தார். அந்த அம்மாளைத் தூக்கத் திரும்பப் போனார். காம்பவுண்டுச் சுவர் இடிந்து விழுந்தது. இரண்டு பேரையும் மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

ஆலய ஹாலிலேயே நிவாரண முகாம். ஜெபிக்க வந்த வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், விசுவாசக் குறைவோ மறைத்து வைத்த பாவமோ இருந்தால்தான் வாக்குத்தத்தம் பலிக்காது என்று கிரேஸ் அக்கா தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். நாசமாய்ப் போக. அன்று சாயங்காலம் அக்கா, ஐயரும் நானும் அரிசி பிரித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள்.

"இது பாக்கெட்ல இருந்துச்சாம். நான்தான் வெச்சேன். போ, கர்த்தர் வாக்கு குடுத்துகீறாருன்னு சொல்லி நான்தான் அனுப்ச்சேன். சொல்லு ஐயரே. அவரு பொய் சொன்னாரா, இல்ல நான் பாவியா?"

என் கடை அட்டை. என் கடை லேமினேஷன். மூன்று நாள் தண்ணீரில் கிடந்தும் ஓர் எழுத்து கலையவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே வரி, கீழே வரி சொல்லும் மனிதர் அரிசிப் படியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார், அவ்வளவுதான். அக்கா அட்டையை அரிசி மூட்டை மேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. மாடிப்படிச் சேற்றைக்கூட வழிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நான்தான் கொன்னுட்டேன் என்று மட்டும் முனகுவதாக எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் ஐயர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க போவோம்."

"நீங்க என்ன ஐயா சொல்லப் போறீங்க?"

"நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

கிரேஸ் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐயர் எதிரே பாயில் உட்கார்ந்தார், நான் நின்றபடியே சொன்னேன். கட்டைவிரலைக் காட்டியே சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் என் விரலையே பார்த்தாள்.

"உன் கையா?"

"ஆமாக்கா."

"கர்த்தர் கை இல்ல?"

"இல்லக்கா. நான்தான் தள்ளினேன்."

"வெளிய போடா."

வாசற்படியில் போய் நின்றேன். ஐயர் எழுந்திருக்கவில்லை. அவர் குரல் கேட்டது.

"அன்னிக்குக் காலைல என்ன நடந்துச்சும்மா?"

"அதான் சொன்னேனே. அட்டைய பாக்கெட்ல வெச்சு, போன்னேன்."

"அதுக்கு மேலே?"

"இன்னா மேலே?"

இந்த நேரத்திலுமா இந்த மனிதர்? உள்ளே போய் இழுத்து வந்துவிடலாமா என்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். அவருடைய விரல் பாயின் மேல் மெல்ல மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"நீ அட்டையை வெக்கறப்போ அவர் எங்க நின்னார்?"

"படில."

"எந்தப் படி?"

"கீழ இருந்து மூணாவது. முட்டி வரைக்கும் தண்ணி."

"கையில என்ன இருந்துச்சு?"

"கயிறு. துணி காயப்போடற கயித்த அவுத்துக் கையில சுத்திகினு..."

"அதை நீ அவுத்துக் குடுத்தியாம்மா?"

"இல்ல. எங்க வூட்டுக்காரரு, அதுவே தான் கையால அவுத்துகிச்சு."

"அதுக்கும் மேலே?"

அக்கா யோசித்தாள். அத்தனை நாளில் முதல்முறையாக அவள் எதையோ யோசிப்பதைப் பார்த்தேன்.

"கீழ் வூட்டம்மா கத்துச்சு. அந்தச் சத்தத்துலதான் நான் முழிச்சேன். பக்கத்துல பார்த்தா அது இல்ல. ஓடியாந்து பார்க்கிறேன், அது பாதிப் படி எறங்கிடுச்சு. எனக்கு ஒதறுச்சு. ஏசப்பா படத்தாண்ட இருந்த அட்டைய எடுத்துகினு ஓடி..."

அவள் நிறுத்தினாள். விரலும் நின்றது.

"நீ அனுப்பலம்மா" என்றார் ஐயர். "நீ முழிக்கறதுக்கு முன்னாடியே அவர் கிளம்பிட்டார். கிளம்பின மனுஷன் பாக்கெட்ல நீ ஒரு அட்டையை வெச்ச, அவ்வளவுதான்."

அக்காவிடமிருந்து அப்போது வந்த அழுகையை நான் சாகிற வரை மறக்கமாட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஐயர் யாரையும் உள்ளே விடவில்லை, அவளை அடக்கவும் இல்லை. அழுது ஓய்ந்தபின், "கீழே ஒரு வரி இருக்கும்மா. அந்தப் பெரியவர் உயிரோட இருக்கார். தினம் உன்னைக் கேக்கறார்" என்றார். பிறகு ஒரு துடைப்பத்தைத் தேடி எடுத்து அந்த மாடிப்படிச் சேற்றைத் தள்ளத் தொடங்கினார். நானும் சேர்ந்துகொண்டேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, ஆனால் போகச் சொல்லவும் இல்லை.

திரும்பி நடக்கும்போது அடக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஐயா, என் தப்புக்கு மேலே ஏதாவது வரி இருக்குமா?"

அவர் உடனே பதில் சொன்னார். அதற்காகவே காத்திருந்தாற்போல் இருந்தது.

"இருக்கு. நான். ஜனவரி ஒண்ணாம் தேதி உங்க கட்டைவிரலைப் பார்த்தேன். மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்த புதுசு. இனிமே கொஞ்ச நாள் நல்ல பேர் எடுப்போமேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு பிரசங்கமே அதுதான். தட்டில் தப்பு நடந்தது, பார்த்தும் சும்மா இருந்தேன் என்றார். அந்தத் தண்ணீர் வசனத்தின் அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தார். ஊரும் வீடும் பறிபோய்ச் சிறையிருப்பில் கிடந்தவர்களுக்குச் சொன்னது அது, நனையாமல் இருப்பவர்களுக்குச் சொன்னது இல்லை, அதைக் காப்பீடு போலச் சுவரில் மாட்ட நான் உங்களை விட்டுவிட்டேன் என்றார். சபை கொதித்தது. எந்த அட்டை நிஜம், எது பொய், தள்ளியது யார் என்று ஆளுக்கு ஆள் எழுந்து கத்தினார்கள். "என் பேரை எழுதிக்குங்க" என்றதோடு இறங்கிவிட்டார். நான் மூன்றாம் வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். கோழை. வேறு வார்த்தை இல்லை.

இப்போது அவர் மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமத்துச் சபையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவருக்கு அப்புறம் எங்களுக்கு இரண்டு ஐயர்கள் வந்து போய்விட்டார்கள். வாக்குத்தத்த அட்டை இன்னும் உண்டு. முழுப் பகுதியையும் பின்பக்கம் போடுகிறேன், லேமினேஷன் போடுவதில்லை. தட்டை நான் பிடிப்பதில்லை. கிரேஸ் அக்கா அட்டை எடுப்பதில்லை, ஆனால் வருகிறாள். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் "சாப்ட்டியா?" என்று கேட்டாள். அன்று கடையை மூடிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அவர் எப்படிப் போனார் என்பதுதான் பாக்கி. அந்தப் பிரசங்கம் முடிந்த வாரமே, ஐயர் இல்லாமல் கமிட்டி கூடியது. உபதலைவர் தீர்மானத்தை வாய்மொழியாகச் சொல்ல, செயலர் என்ற முறையில் நான் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுத வேண்டும். "ஐயர் அவர்கள் தம்முடைய சொந்த வேண்டுகோளின்பேரில் மாற்றலாகிச் செல்கிறார் என்று எழுதுங்க" என்றார். அவர் அப்படிக் கேட்கவே இல்லை. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

எழுதினேன். மேலே ஒரு வரி இடம் விட்டுத்தான் எழுதினேன். கையெழுத்துக்காகப் புத்தகத்தை நீட்டச் சொன்னார்கள். நீட்டவில்லை. இடம் விட்ட வரியில், அட்டையைத் தள்ளியவர் செயலர் என்று ஆரம்பித்து, என் முழுப் பேரையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் என்னய்யா எழுதறீங்க?" என்றார் உபதலைவர்.

"மேலே ஒரு வரி விட்டுப்போச்சு சார்" என்றேன்.